ஹாரன் பட்டன் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பட்டனை அழுத்தினால் சத்தம் வரவில்லை. உடனே புது ஸ்விட்ச் வாங்கி மாட்டுகிறார்கள், அதற்கும் சத்தம் வராது. அடுத்து ஹாரனை மாற்றுகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஹாரனுக்குப் பக்கத்திலேயே எர்த் வயரின் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் உலோக பாடிக்குப் போகும் வயர்) முனை துருப்பிடித்துக் கிடக்கும். ஹாரன் சுற்று ரொம்பச் சின்னது. பேட்டரி, பியூஸ், பட்டன், ஹாரன், சில வண்டிகளில் நடுவே ஒரு ரிலே (பட்டனின் சிறு கரண்ட்டை வைத்து ஹாரனின் பெரிய கரண்ட்டை இயக்கும் மின் ஸ்விட்ச்), இவற்றை இணைக்கும் வயர்கள், அவ்வளவுதான். இவ்வளவு சின்ன சுற்றில் எந்த இடத்தில் கரண்ட் நிற்கிறது என்று பார்க்காமல் பொருளை மாற்றுவது வீண் செலவு. அதைவிட முக்கியம், கோளாறு எங்கே இருந்தது என்று தெரியாமலேயே வண்டி திரும்ப ரோட்டுக்குப் போய்விடும். ஹாரன் தேவைப்படுவது எதிரே ஒருவர் குறுக்கே வரும் அந்த ஒரு நொடியில்தான். அப்போது அதை நம்ப முடிய வேண்டும்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் (ஒரு முனையை எர்த்தில் மாட்டி, மறுமுனையால் தொட்டால் கரண்ட் இருக்கும் இடத்தில் எரியும் விளக்கு) ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, நடுவில் 10 ஆம்பியர் பியூஸ் வைத்துத் தைத்த ஒரு துண்டு வயர், ஒரு ஸ்க்ரூ டிரைவர். பியூஸ் இல்லாத வெறும் வயரை வைத்து நேரடியாகப் பாலம் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். தவறான முனையில் தொட்டுவிட்டால் வயர் கட்டு முழுவதும் உருகிவிடும்.

முதலில் பட்டன் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும்

ஹாரன் பட்டனை இரண்டு விதமாக இணைப்பார்கள். ஒரு விதத்தில் பேட்டரியின் பாசிட்டிவ் பட்டன் வழியாக ஹாரனுக்குப் போகும், ஹாரனின் இன்னொரு முனை நிரந்தரமாக எர்த்தில் இருக்கும். இன்னொரு விதத்தில் சாவி போட்டவுடனேயே பாசிட்டிவ் ஹாரனுக்கு வந்து காத்துக்கொண்டிருக்கும், பட்டன் செய்வதெல்லாம் மறுமுனையை எர்த்தோடு சேர்ப்பதுதான். இருசக்கர வண்டிகளில் இரண்டும் உண்டு. ஸ்டீயரிங் நடுவில் பட்டன் உள்ள கார்களில் பெரும்பாலும் எர்த் பக்கம்தான், ஏனென்றால் சுழலும் ஸ்டீயரிங்குக்கு ஒரே ஒரு வயரைக் கொண்டுபோனால் போதும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை அரை நிமிட வேலை. பல கோளாறுகளை இந்த ஒரு சோதனையே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இதை எப்போதும் முதலில் செய்யுங்கள். ஹாரனின் கனெக்டர்களைக் கழற்றாமல் சாவியைப் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, அதன் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் ஹாரனின் இரண்டு டெர்மினல்களையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பட்டனை இன்னும் அழுத்தக் கூடாது.

இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால் பட்டன் எர்த் பக்கத்தில் இருக்கிறது. ஹாரனின் உள்ளே இருக்கும் 'காயில்' என்ற கம்பிச் சுருள் வழியாக அந்த 12 வோல்ட் மறுமுனை வரை வந்து நிற்கிறது, ஆகவே காயிலும் நன்றாக இருக்கிறது என்பது கூடவே தெரிந்துவிடும். ஒன்றில் 12, இன்னொன்றில் பூஜ்யம் என்றால் ஹாரனுக்கு உள்ளேயே இணைப்பு அறுந்திருக்கிறது, பட்டனைத் தொடவே வேண்டாம். இரண்டிலும் பூஜ்யம் என்றால் மூன்று வாய்ப்புகள்: பட்டன் பாசிட்டிவ் பக்கம் இருக்கலாம், நடுவே ரிலே இருக்கலாம், அல்லது ஹாரனுக்கு சப்ளையே வராமல் இருக்கலாம்.

இப்போது பட்டனை அழுத்திப் பாருங்கள். எர்த் பக்க சுற்றில் ஒரு முனை 12-லிருந்து பூஜ்யத்துக்கு அருகே விழ வேண்டும். விழவில்லை என்றால் பட்டனோ அதன் வயரோ எர்த்தைத் தரவில்லை. பாசிட்டிவ் பக்க சுற்றில் ஒரு முனை 12-க்கு எழ வேண்டும், மறுமுனை பூஜ்யத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு முனைகளும் சேர்ந்து 12-க்கு எழுந்தால் பட்டன் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, ஹாரனின் எர்த்தான் அறுந்திருக்கிறது.

ரிலே இருக்கும் வண்டியில் இதே சோதனையை ரிலேயின் 85, 86 என்று எண்ணிட்ட கால்களில் செய்யுங்கள். அந்த இரண்டு கால்களும்தான் ரிலேயின் காயில், பட்டன் இயக்குவது அதைத்தான்.

அழுத்தினால் சத்தமே இல்லை

ரிலே உள்ள வண்டி என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் போட்டு, பட்டனை அழுத்திக் காது கொடுங்கள். 'டிக்' என்று ரிலே அடித்தால் பட்டன், அதன் வயர், ரிலே காயில் மூன்றும் நன்றாக இருக்கின்றன. ஸ்டீயரிங்கைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ரிலேயின் 30-ஆம் காலில் 12 வோல்ட் வருகிறதா, அழுத்தும்போது அது 87-இல் வெளியே போகிறதா, ஹாரன் வரை போய்ச் சேருகிறதா, ஹாரனின் எர்த் உறுதியாக இருக்கிறதா என்று அந்த வரிசையில் பார்த்துக்கொண்டே போனால் போதும். 30-இல் இருந்து 87-இல் வரவில்லை என்றால் ரிலேயின் உள்ளே தொடுமுனைகள் கருகிவிட்டன. அதே எண் வரிசையும் அதே திறனும் உள்ள வேறொரு ரிலே வண்டியில் இருந்தால் அதை மாற்றிச் செருகி உடனே உறுதி செய்யலாம்.

'டிக்' வரவில்லை, அல்லது ரிலேயே இல்லாத வண்டி என்றால் பியூஸிலிருந்து தொடங்குங்கள். பியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சாவி போட்ட நிலையில் பியூஸின் இரண்டு பக்கமும் டெஸ்ட் லேம்ப்பால் தொடுங்கள், இரண்டிலும் விளக்கு எரிய வேண்டும். பல வண்டிகளில் ஹாரனின் பியூஸிலேயே பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் சேர்ந்திருக்கும். அவையும் செத்திருந்தால் பியூஸ்தான் என்று கிட்டத்தட்ட அப்போதே சொல்லிவிடலாம்.

பியூஸ் நன்றாக இருந்தால் பட்டனைத் தாண்டிப் பாலம் போடுவதுதான் அடுத்தது. எர்த் பக்க சுற்று என்றால் ஹாரனிலிருந்து, அல்லது ரிலேயிலிருந்து பட்டனுக்குப் போகும் வயரை பியூஸ் தைத்த துண்டு வயரால் எர்த்தில் தொடுங்கள். பாசிட்டிவ் பக்க சுற்று என்றால் பட்டனின் இரண்டு வயர்களையும் அதே துண்டு வயரால் ஒன்றோடொன்று சேருங்கள். ஹாரன் அடித்தால் குற்றவாளி பட்டன். பாசிட்டிவ் பக்க வயரை மறந்தும் எர்த்தில் தொட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன சோதனையை முதலில் செய்யச் சொன்னதே இந்த இடத்தில் தவறு நடக்காமல் இருக்கத்தான்.

சில நேரம் அடிக்கிறது, சில நேரம் இல்லை. அழுத்திப் பிடித்தால்தான் வருகிறது

பட்டனே காரணமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகமான அறிகுறி இது. பட்டனின் ஒரு மூலையை அழுத்தினால் வருகிறது, நடுவில் அழுத்தினால் வரவில்லை. மழைக்கு மறுநாள் வேலை செய்யவில்லை, வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. இப்படியெல்லாம் நடந்தால் தொடுமுனைகளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஹாரன் பட்டனின் உள்ளே நடப்பது எளிமையானது. பிளாஸ்டிக் குமிழ் ஒரு செம்பு அல்லது பித்தளைத் தகட்டைத் தள்ளுகிறது, அந்தத் தகடு இரண்டு நிலையான முனைகளை இணைக்கிறது, விரலை எடுத்ததும் ஸ்பிரிங் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஆனால் அந்தத் தொடுமுனைகள் படும் பாடு அதிகம். ஹாரனின் காயில் ஒவ்வொரு முறை அணையும்போதும் அதில் தேங்கிய ஆற்றல் ஒரு வோல்டேஜ் துள்ளலாக வெளியே வரும். பிரியும் தொடுமுனைகளுக்கு நடுவே அது தீப்பொறியாகப் பாய்கிறது. ஒவ்வொரு பொறியும் துளி உலோகத்தை அரித்து, கொஞ்சம் கரியைப் படிய வைக்கும். கூடவே தண்ணீரும் தூசியும் சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும் ஒரு இடம் இருக்கிறது. பட்டனைக் கழற்றி ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் 1 ஓம் என்று காட்டும், 'பீப்' சத்தமும் வரும். சரி, நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மீட்டர் அனுப்புவது மிகமிகச் சிறிய கரண்ட். ஹாரன் 3 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 1 ஓம் 3 வோல்ட்டை விழுங்கிவிடும். ஹாரனுக்கு மிஞ்சுவது 9 வோல்ட்தான். அதோடு 3 வோல்ட்டும் 3 ஆம்பியரும் சேர்ந்து 9 வாட் சூடு அந்தச் சின்னத் தொடுமுனையில் எழும்புகிறது. பட்டனின் பிளாஸ்டிக் உருகி இளகுவது இதனால்தான்.

ஆகவே பட்டனை வேலை செய்யும் நிலையிலேயே அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பட்டனின் இரண்டு வயர்களுக்கும் குறுக்கே முனைகளை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் பட்டன் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் சுத்தம் செய்தே ஆக வேண்டும். 12 வோல்ட் முழுதாகக் காட்டினால் தொடுமுனை சேரவே இல்லை. பட்டன் கோளாறுக்கு இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

இருசக்கர வண்டியின் ஹேண்டில்பார் ஸ்விட்சைத் திறக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். கூடு பெரும்பாலும் இரண்டு பாதிகளாகத்தான் இருக்கும், கீழிருந்து இரண்டு திருகுகளைக் கழற்றினால் பிரியும். மெதுவாகப் பிரியுங்கள். இண்டிகேட்டர், டிம்-டிப் ஸ்விட்சுகளின் சின்ன ஸ்பிரிங்குகளும் குண்டுகளும் அங்கேதான் இருக்கின்றன, துள்ளிவிட்டால் தேடிக் கிடைக்காது. அடியில் ஒரு துணியை விரித்துவிட்டு, பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது தொடுமுனையை அல்ல, வயர் பற்றவைத்த இடத்தை. ஹாரன் வயர் தகட்டோடு சேரும் ஈயப்பற்று வட்டமாக விரிசல் விட்டு, பார்வைக்கு ஒட்டியிருப்பது போலவே இருக்கும். வயரை லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்படி என்றால் பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் வேலை முடிந்தது.

பற்று நன்றாக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, நாரில்லாத துணியாலோ காதுக் குச்சியாலோ துடைத்தெடுங்கள். அதற்கும் போகாத கரி இருந்தால் 1000 அல்லது அதற்கு மேற்பட்ட எண் உள்ள மெல்லிய உப்புத்தாளைக் குறுகலாக மடித்து, தொடுமுனைகளுக்கு நடுவே வைத்து இரண்டு மூன்று முறை இழுங்கள். அரத்தை எடுக்காதீர்கள். முனைகளில் வெள்ளி முலாம் இருந்தால் ஒரே இழுப்பில் போய்விடும், அதன் பிறகு அந்தப் பட்டன் முன்பைவிட வேகமாகக் கருகும். துருவை இளக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயும் இதற்குச் சரிவராது. அன்றைக்கு வேலை செய்யும், பிறகு அந்த எண்ணெய்ப் பசையிலேயே தூசி ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்த பிறகு குமிழ் நகரும் பிளாஸ்டிக் பக்கங்களில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசலாம். தொடுமுனைகளில் மட்டும் அது படக்கூடாது.

ஸ்பிரிங் தளர்ந்து, தகடு முனைகளைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் தகட்டை ஒரு நூலிழை வளைத்துப் பார்க்கலாம். குமிழின் துளை தேய்ந்து குமிழ் சாய்ந்தே உட்காருகிறது என்றால் அதற்கு மருந்தில்லை. அப்போது பட்டனை மாற்றுவதுதான் சரி.

ஹேண்டிலையோ ஸ்டீயரிங்கையோ திருப்பும்போது மட்டும் விட்டுப்போகிறது

இருசக்கர வண்டி என்றால் ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர் கட்டைப் பாருங்கள். மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பி, கட்டை விரலால் அங்கங்கே வளைத்துப் பார்த்தால் சத்தம் விட்டுவிட்டு வரும் இடம் பிடிபடும்.

கார்களில் ஸ்டீயரிங்குக்கு அடியில் 'கிளாக் ஸ்பிரிங்' என்று ஒரு சுருள் நாடா இருக்கிறது. ஸ்டீயரிங் எத்தனை சுற்று சுற்றினாலும் இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்வது அதுதான். ஹாரன் விட்டுப்போவதோடு ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால் பெரும்பாலும் அந்த நாடா அறுந்திருக்கும், ஏனென்றால் இரண்டு இணைப்புகளும் அதே நாடாவில்தான் ஓடுகின்றன. ஏர்பேக் இல்லாத பழைய கார்களில் அந்த இடத்தில் ஒரு பித்தளை வளையமும் அதன்மேல் உரசும் ஸ்பிரிங் வைத்த முனையும் இருக்கும். வளையத்தைத் துடைத்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். ஸ்டீயரிங் தண்டின் நடுவே ரப்பர் இணைப்பு இருக்கும் வண்டிகளில், அந்த ரப்பரைத் தாண்டிப் போகும் சின்ன எர்த் பட்டை அறுந்தாலும் இதே அறிகுறிதான்.

ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கை நீங்களாகப் பிரிக்காதீர்கள் என்பதே என் கருத்து. பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். அந்த வயர்களில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைப்பதும் ஆபத்து. மீட்டரிலிருந்து போகும் சிறு கரண்ட்டே பையை வெடிக்கச் செய்துவிடலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் இந்த வேலையை விடுங்கள்.

தானாகவே அடிக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது

முதலில் சத்தத்தை நிறுத்துங்கள். பியூஸைப் பிடுங்கலாம், ரிலேயைப் பிடுங்கலாம், அல்லது ஹாரனின் கனெக்டரைக் கழற்றலாம்.

அப்புறம் ரிலேயைத் திரும்பச் செருகி, பட்டனின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் பட்டன் சிக்கியிருக்கிறது: அழுக்கு, உடைந்த ஸ்பிரிங், அல்லது உருகிய பிளாஸ்டிக். நிற்கவில்லை என்றால் ரிலேயைக் கழற்றுங்கள். அதில் நின்றுவிட்டால், ஒன்று ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, இல்லையென்றால் பட்டனுக்குப் போகும் வயர் வழியில் எங்கோ தோலுரிந்து பாடியைத் தொடுகிறது. ரிலேயைக் கழற்றிய பிறகும் அடித்தால் ரிலேயைத் தாண்டிய வயரில் வேறெங்கிருந்தோ பாசிட்டிவ் ஏறுகிறது.

எர்த் பக்க சுற்றின் பலவீனம் இதுதான். பட்டன் வயர் பாடியில் எங்கே உரசினாலும் அது பட்டனை அழுத்தியதற்குச் சமம், பியூஸும் போகாது. மழையில் மட்டும் தானாக அடிக்கும் வண்டிகளில் ஸ்விட்ச் கூட்டையும் வயர் கட்டையும் பாருங்கள். கடும் வெயிலிலோ கடும் குளிரிலோ மட்டும் அடிக்கும் கார்களில் ஸ்டீயரிங் மூடியின் பிளாஸ்டிக் விரிந்து சுருங்கி, அடியில் உள்ள தொடுமுனையை அதுவே அழுத்துவது உண்டு.

சத்தம் வருகிறது, ஆனால் மெலிசாக, கரகரவென்று

பேட்டரியிலிருந்து பியூஸ் தைத்த வயரில் நேரடியாக ஹாரனுக்கு மின்சாரம் கொடுங்கள், எர்த்தையும் பேட்டரியிலிருந்தே கொடுங்கள். அப்போதும் கரகரத்தால் ஹாரன்தான். அதிரும் தகட்டில் தண்ணீரோ துருவோ இருக்கும், அல்லது உள்ளே இருக்கும் தொடுமுனையின் இடைவெளி மாறியிருக்கும். பின்புறம் சரிசெய்யும் திருகு இருந்தால் கால் சுற்றுக்குள் மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம். நேரடியாகக் கொடுக்கும்போது கணீரென்று அடித்தால் பட்டன் அல்லது வயர், அதற்கு மேலே சொன்ன வோல்ட் அளவுதான் வழி. இன்ஜினை முடுக்கினால் மட்டும் சத்தம் நிமிர்கிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள்.

அழுத்தினதும் பியூஸ் போகிறது

பட்டன் எர்த் பக்கம் இருந்தால், பட்டனையோ அதன் வயரையோ தேடாதீர்கள். அங்கே எது எதைத் தொட்டாலும் ஹாரன் அடிக்குமே தவிர பியூஸ் போகாது. அழுத்தும்போது போகிறது என்றால் ஹாரனின் காயில் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, ரிலே உள்ள வண்டியில் 87-இலிருந்து ஹாரனுக்குப் போகும் வயர் பாடியைத் தொடுவதும் காரணமாக இருக்கலாம். பட்டன் பாசிட்டிவ் பக்கம் இருந்தால், ஹாரனின் கனெக்டரைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள். பியூஸ் இப்போது நின்றால் ஹாரன், இப்போதும் போனால் பட்டனுக்கும் ஹாரனுக்கும் இடையில் உள்ள வயர். பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அடுத்தது வயர்தான் எரியும்.

புதுப் பட்டனும் சீக்கிரமே கருகிவிடுகிறது

இருசக்கர வண்டியின் ஒற்றை ஹாரன் சுமார் 2, 3 ஆம்பியர் இழுக்கும். கார்களில் வரும் இரட்டை ஹாரன் சேர்ந்து 8 முதல் 10 ஆம்பியர் வரை போகும். இந்த இரட்டை ஹாரனை ரிலே இல்லாமல் சின்ன வண்டியில் மாட்டினால் எவ்வளவு நல்ல பட்டனும் தாங்காது. ரிலே வைத்தால் பட்டன் சுமப்பது ரிலே காயிலின் கரண்ட்டை மட்டும்தான், அது 0.2 ஆம்பியர் அளவுக்குத்தான் இருக்கும்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து, பேட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸ் வைத்து, ரிலேயின் 30-க்குக் கொண்டுவாருங்கள். 87-இலிருந்து ஹாரனுக்கு. இந்த இரண்டு வயர்களும், ஹாரனின் எர்த்தும் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது. பழைய ஹாரனுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு வயர்களையும் அப்படியே 85-க்கும் 86-க்கும் கொடுத்துவிடலாம். பட்டன் எந்தப் பக்கம் இருந்தாலும் இது வேலை செய்யும் என்பதுதான் இந்த முறையின் வசதி. ஹாரன்களின் எர்த்தை மட்டும் தனியாக, பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் கொடுக்க வேண்டும்.

ரிலே காயிலும் அணையும்போது வோல்டேஜைத் துள்ளவிடும், அதனால் 85-க்கும் 86-க்கும் குறுக்கே ஒரு டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பொருள்) போடுவது பட்டனுக்கு நல்லது. 1N4007 என்ற வகை போதும். அதன் வெள்ளிக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் வரும் காலில் இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் பட்டனை அழுத்தியதும் ஷார்ட் ஆகிவிடும். உள்ளேயே டயோடு வைத்த ரிலே வாங்கினாலும் இதே எச்சரிக்கைதான், 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. ரிலேயைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில், கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். எல்லாம் பொருத்திய பின் இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பி அடித்துப் பார்த்துவிட்டு, பட்டனின் குறுக்கே வோல்ட்டை இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.